தடி ஏற்றும் சாஸ்திரம்

திருநெல்வேலியில் ஆனித் தேரோட்டத்தை ஒருமுறையேனும் அருகில் நின்று பார்த்தவர்களுக்குப் பாரம் என்பது இன்னதென்று எடுத்துச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. சுமார் 450 டன் எடை என்று சொல்லப்படும் நெல்லையப்பர் தேர் நான்கு ரத வீதிகளையும் சுற்றி நிலைக்கு வந்து சேருவது மனிதர்களின் கைகளாலேயே. வடம் பிடிக்கிறவர்கள் ஆயிரக்கணக்கானோர். ஆயினும் அசைய மறுத்து நிற்கும் தேரை முதல் அடி நகர்த்திக் கொடுப்பவர்கள் பின்புறத்தில், பெரும்பாலோர் கண்ணில் படாத இடத்தில், சக்கரத்துக்கு அடியில் தடி கொடுத்து நெம்பும் சிலரே. 2024ஆம் ஆண்டுத் தேரோட்டத்தில் வடங்கள் அடுத்தடுத்து அறுந்தபோது, மாற்று ஏற்பாடு ஆகும்வரை தேரும் நின்றது, அதை இழுக்க வந்த ஜனசமுத்திரமும் நின்றது. அன்றைக்குப் பலத்திற்கு ஒரு குறைவும் இல்லை; குறைந்தது கயிறு.

இந்தத் தேர்த் தடியையும் வடத்தையும் நினைவில் வைத்துக்கொண்டு, அதே ஜில்லாவின் மேற்குக் கோடிக்குப் போய், செங்கோட்டைப் பக்கத்து மரவாடி ஒன்றின் வாசலில் ஒரு முற்பகல் நேரம் நின்று பார்த்தால், வனசாஸ்திரிகள் ‘ஏற்றும் பணியின் உற்பத்தித் திறன்’ என்று கனமான பெயரிட்டு ஆராய்கிற விஷயம் முழுவதும் கண்முன்னே நடப்பதைக் காணலாம். லாரியில் மரம் ஏற்றுவதில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். நானும் அப்படிக் கேட்டவன்தான். ஒரு மணி நேரத்தில், ஓர் ஆளுக்கு, எத்தனை டன் மரம் லாரியில் ஏறுகிறது என்பதே கேள்வி. ஆனால் அந்த ‘ஒரு மணி நேரம்’ எங்கே ஆரம்பிக்கிறது என்பதில்தான் எல்லாச் சிக்கலும் அடங்கியிருக்கிறது.

ஜில்லா என்று சொன்னேன். 2019 நவம்பர் முதல் செங்கோட்டை தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. அதற்கு முன் திருநெல்வேலியில் இருந்தது. அதற்கும் முன், 1956 நவம்பர் முதல் தேதி வரையில், திருவிதாங்கூர் ராஜ்யத்தையும் பின்பு திருவிதாங்கூர்–கொச்சி ராஜ்யத்தையும் சார்ந்திருந்தது. எந்த எல்லைக்கோடு எப்படி நகர்ந்தாலும் ஆரியங்காவுக் கணவாய் மட்டும் நகரவில்லை. 1904இல் கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் ரயில் பாதை திறக்கப்பட்டது. மலைக்கு அந்தப் புறத்து மழைக்காட்டு விளைபொருளும் இந்தப் புறத்து வெயில்பூமியின் தேவையும் சந்திக்கிற முகத்துவாரமாக இந்தச் சிற்றூர் இருந்து வருகிறது. அறுவை மில்லின் ஓலமும் ஈர மரத்தூளின் வாசனையும் இங்கே ஊரின் இயற்கையோடு சேர்ந்தவை.

பொதிகை மலையையும் அதன் அடர்ந்த சோலைகளையும் தூரத்திலிருந்து பார்க்கிற பிரயாணி, ரஸ்தாவில் எதிர்ப்படும் மர லாரிகளெல்லாம் அங்கிருந்தே இறங்கி வருகின்றன என்று நினைத்துக்கொள்ளுவது சகஜம். அது தவறு. தாமிரபரணியின் உற்பத்தி ஸ்தானத்தை உள்ளடக்கிய களக்காடு–முண்டந்துறைப் பிரதேசம் 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாயிற்று; 1996 டிசம்பர் 12ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கோதவர்மன் வழக்கில் பிறப்பித்த உத்தரவு, தமிழ்நாட்டின் வனப்பகுதிகளில் தானே முளைத்து வளர்ந்த மரங்களை வெட்டுவதை அறவே தடுத்தது. ஆகவே கோங்கும் நாங்கும் வேங்கையும் மலையிலேயே நிற்கின்றன. லாரியில் போவது வேறு: பட்டா நிலத்துத் தேக்கு, வேம்பு, தைல மரம், சவுக்கு, கிழக்கே போகப்போகக் கரிசலிலும் குளத்து உள்வாயிலும் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலம், இந்தப் பக்கத்து ஜனங்கள் உடைமரம் என்று பொதுவாகச் சொல்லுவது, கணவாய் வழியாக வரும் அயினி, ரப்பர் மரங்கள், தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் அந்நிய தேசத்து உருட்டு மரங்கள்.

நான் நின்றிருந்த அன்று ஏறியது அயினித் தடி. லாரி வந்து சேர்ந்தபோது மணி ஏழரை. சுமையாட்கள் ஆறு பேர், இப்போது எல்லோர் வாயிலும் வழங்கும் பெயரில் சொன்னால் லோடுமேன்கள், அதற்கு முன்பே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். தலையில் துண்டைக் கட்டியபடி பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த மேஸ்திரியிடம், “ஒரு லோடு ஏற்ற எவ்வளவு நேரம் பிடிக்கும், அண்ணாச்சி?” என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எதைக் கேக்கிய? ஏத்துததுக்கா, ஏத்த ஆரம்பிக்கதுக்கா?” என்று திருப்பிக் கேட்டார்.

அந்த ஒரு கேள்விக்குள் மேல்நாட்டு வனக் கல்லூரிகளில் ஒரு பருவம் முழுவதும் போதிக்கிற பாடம் அடங்கியிருந்தது என்பதை அன்று மத்தியானத்திற்குள் தெரிந்துகொண்டேன். தடிகள் முந்தின வாரம் வேறொரு லாரியிலிருந்து தள்ளிவிடப்பட்டபடியே, பருத்தது அடியிலும் சிறுத்தது மேலுமாக, குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. பருத்த தடிகள்தாம் லாரியில் அடி வரிசைக்குப் போகவேண்டியவை. அவற்றை எடுக்க மேலே கிடந்தவற்றையெல்லாம் புரட்டித் தள்ளவேண்டியிருந்தது. பிறகு கணக்கப்பிள்ளை வந்து ஒவ்வொன்றையும் அளந்து சுண்ணாம்புக் கட்டியால் எண் போடும்வரை ஒரு காத்திருப்பு. லாரியைப் பள்ளத்திலிருந்து மேட்டுக்குத் திருப்பி நிறுத்த மற்றொரு காத்திருப்பு. கடத்தல் அனுமதிச் சீட்டு வந்து சேரட்டும் என்று இன்னொன்று. முதல் தடி ஏறியபோது மணி பத்தேகால். இருபத்தெட்டாவதும் கடைசியுமான தடி ஏறியபோது பன்னிரண்டரை.

ஏறக்குறைய 10 டன் மரம். ஏற்றிய நேரம் இரண்டேகால் மணி என்று கொண்டால் மணிக்கு நாலரை டன் வீதம். லாரி வந்தது முதல் ஐந்து மணி என்று கொண்டால் மணிக்கு 2 டன். வனசாஸ்திரிகள் முதற்கணக்கை ‘வேலை மணி’ என்றும் இரண்டாவதை ‘மொத்த மணி’ என்றும் பிரித்து எழுதிக்கொள்ளுகிறார்கள். இரண்டும் மெய்யான கணக்கே. ஆனால் முதற்கணக்கு லோடுமேன்களின் திறமையைச் சொல்லுகிறது. இரண்டாவது, மரவாடி நடத்துகிறவரின் திறமையைச் சொல்லுகிறது. வேலை மந்தம் என்று பேச்செழும்போது பழி வந்து விழுவது முன்னவர்கள் தலையில்.

அவர்களுடைய திறமை எத்தகையது என்பதைச் சற்று நெருங்கி நின்று பார்ப்போம். பத்தடி நீளமும் நடுவில் நாலடிச் சுற்றளவும் உள்ள ஒரு தடியை எடுத்துக்கொள்ளுவோம். கணக்கப்பிள்ளை சுற்றளவை நான்கால் வகுத்து, வந்ததைத் தன்னாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 10 கன அடி என்று புத்தகத்தில் எழுதுகிறார். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வரும் அளவு இது. உருண்டை மரத்தின் உண்மையான கன அளவோ 12¾ அடிக்குச் சற்றுத்தான் குறையும். அறுவையில் சீவிப் போகும் விளிம்புகளுக்காக வாங்குகிறவனுக்கு விட்டுக்கொடுத்த கணக்கு அது. விளிம்புகளும் மரத்தோடு சேர்ந்தே லாரியில் ஏறவேண்டியிருக்கின்றன என்பதை அந்த வாய்பாடு கவனிப்பதில்லை. கன அடிக்கு இவ்வளவு என்று ஏற்றுக்கூலி பேசிக்கொண்ட லோடுமேன், பத்து அடிக்குக் கூலி வாங்கிப் பன்னிரண்டே முக்காலைத் தூக்குகிறான்.

பச்சை மரம் கிட்டத்தட்டத் தண்ணீரின் கனம் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், இந்தத் தடி சுமார் 360 கிலோ. ஆறு பேர் நேராகத் தூக்கினால் ஆளுக்கு 60 கிலோ. தரையிலிருந்து நாலடி உயரத்துக்கு, நாளொன்றுக்கு ஐம்பது தடவை. அது நடக்கிற காரியமில்லை, நடத்துவதும் பாபம். ஆகவே அவர்கள் தூக்குவதே இல்லை. பன்னிரண்டு அடி நீளமுள்ள இரண்டு சறுக்கு மரங்களை லாரியின் விளிம்பில் சாய்த்து வைக்கிறார்கள். நாலடி உயரத்தைப் பன்னிரண்டு அடி தூரத்தில் ஏறுவதால் பாரம் மூன்றில் ஒன்றாகி 120 கிலோ ஆகிறது. பிறகு இரண்டு வடங்களின் ஒரு நுனியை லாரியிலேயே கட்டி, வடத்தைத் தடியின் அடிப்புறமாகச் சுற்றிக் கொண்டுவந்து, மறு நுனியை லாரியின் மேல் நிற்பவர்கள் கையில் கொடுக்கிறார்கள். இழுக்கும்போது தடி வடத்துக்குள்ளேயே உருண்டு ஏறுகிறது. தடியே ஒரு கப்பியாக வேலை செய்வதால் பாரம் இன்னும் பாதியாகி 60 கிலோவில் வந்து நிற்கிறது. மேலே நான்கு பேர் இழுக்கிறார்கள். உராய்வை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் ஆளுக்கு 15 கிலோ, அதாவது ஒரு குடம் தண்ணீர். மற்ற இருவரும் கீழே பக்கத்துக்கு ஒருவராக நின்று, தடி கோணிக்கொண்டு ஏறாமல் கடப்பாறையால் நேராக்குவதும், இழுப்பவர்கள் மூச்சு வாங்கும்போது அடியில் முட்டுக்கொடுப்பதுமாக இருக்கிறார்கள். “ஐலசா” என்ற குரல் எழுகிறதே, அது உற்சாகத்துக்காக மட்டும் எழுவதன்று. நால்வரின் பலமும் ஒரே கணத்தில் சேர்ந்து விழவேண்டும் என்பதற்காக எழுவது. பௌதிக சாஸ்திரம் படிக்காத ஆறு பேர், படித்தவர்கள் வியக்கும்படி, முந்நூற்றறுபதைப் பதினைந்தாக்கிவிட்டார்கள்.

உற்பத்தித் திறனை நிர்ணயிக்கும் காரணங்களில் தலையாயது எது என்று கேட்டால், தடியின் பருமன் என்றே எந்த வனசாஸ்திரியும் பதில் சொல்லுவான். நூறு வருஷத்துக்கு மேலாகக் காட்டு வேலையைக் கடிகாரம் வைத்து அளந்து வருகிற ஜெர்மானியர்கள் இதற்கு ஒரு விதியின் அந்தஸ்தே கொடுத்திருக்கிறார்கள்: துண்டு பெரிதாக ஆக, ஒரு கன மீட்டருக்குச் செலவாகும் நேரம் குறைகிறது. ஒரு தடியைப் பிடிப்பது, திருப்புவது, வடம் சுற்றுவது, அவிழ்ப்பது ஆகிய காரியங்கள் தடி பெரிதாயிருந்தாலும் சிறிதாயிருந்தாலும் ஏறத்தாழ ஒரே நேரத்தை எடுத்துக்கொள்ளும். மேலே சொன்ன அயினித் தடியில் 28 போட்டால் 10 டன் நிரம்பிவிடுகிறது. அதே 10 டன்னை, துண்டுக்கு 20 கிலோ வீதம் சவுக்குக் கம்பாக ஏற்றவேண்டுமானால் 500 தடவை குனிந்து நிமிரவேண்டும்.

எல்லாவற்றிலும் கடையாயது உடைமர விறகு. முள், கோணல், ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் கிளைகள். நேரான கட்டைகளை அடுக்கினால் அடுக்கின் கன அளவில் மூன்றில் இரண்டு பங்கேனும் மரமாயிருக்கும். கோணல் விறகை அடுக்கினால் பாதிக்கு மேல் காற்றே. அதனால் லாரி கண்ணுக்கு நிறைந்து, கயிறு கட்டி, கூரைக்கு மேல் கோபுரமாக எழும்பிய பிறகும் எடைமேடையில் ஏற்றினால் முள் நகர மறுக்கிறது. தூர்க்கட்டைக்கு விலை அதிகம் என்று வியாபாரிகள் தூரோடு பெயர்க்கச் சொல்லுவதில் இந்த நியாயமும் கலந்திருக்கிறது: தூர் கனம், இடத்தை அடைக்காது. ஆனால் அதைத் தோளில் சுமந்து ஏற்றுகிறவனைக் கேட்டால் கதை வேறாக இருக்கும். வளர்ந்த ஆண் ஒருவன் கையால் தூக்கத்தக்க சுமையின் உச்சவரம்பு 55 கிலோ என்று சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1967இலேயே சிபாரிசு செய்திருக்கிறது. அந்தச் சிபாரிசைத் தூர்க்கட்டை படித்ததில்லை.

சுமை ஏற்றுவதில் நேரத்தை அளப்பது பற்றிப் பேசுகிறவர்கள் ஓர் அமெரிக்கரைச் சொல்லாமல் விடமுடியாது. பிரடரிக் டெய்லர் என்ற இன்ஜினியர் 1899இல் பென்சில்வேனியாவின் பெத்லஹேம் இரும்பாலையில், 92 பவுண்டு எடையுள்ள இரும்புப் பாளங்களை ரயில் வண்டியில் ஏற்றும் ஆட்களைக் கவனித்து, நாளொன்றுக்கு ஓர் ஆள் பன்னிரண்டரை டன் ஏற்றி வந்ததை நாற்பத்தேழரை டன்னாக உயர்த்தியதாக 1911இல் வெளிவந்த தம் புஸ்தகத்தில் எழுதினார். வேலை ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. கூலி ஒரு டாலர் பதினைந்து சென்டிலிருந்து ஒரு டாலர் எண்பத்தைந்து சென்டாயிற்று. இந்த இரண்டு பெருக்கத்துக்கும் உள்ள விகிதாசாரத்தை வாசகர்களே பார்த்துக்கொள்ளலாம். அவருடைய கதையில் எவ்வளவு மெய், எவ்வளவு அலங்காரம் என்று பிற்கால ஆராய்ச்சியாளர்கள் சந்தேகிக்கவும் செய்தார்கள். ஆனால் அதே புஸ்தகத்தில் மறந்துவிடக்கூடாத ஒரு செய்தி உண்டு: அவ்வளவு கனமுள்ள பாளத்தைத் தூக்குகிறவன், நாளில் நூற்றுக்கு 43 பங்கு நேரமே சுமையோடு இருக்கலாம், மிச்சம் 57 பங்கும் வெறுங்கையாக இருந்தால்தான் மாலைவரை தாங்குவான். நமது மேஸ்திரி ஐந்து தடிக்கு ஒருமுறை கையை உயர்த்தி, எல்லோரையும் நிழலுக்கு அழைத்துப் போனதைப் பார்த்து, லாரிக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். டெய்லர் பக்கத்தில் நின்றிருந்தால் லாரிக்காரரைத்தான் கடிந்துகொண்டிருப்பார்.

யானைக்கு இந்த ஓய்வு என்னும் நியாயம் என்றோ வழங்கப்பட்டுவிட்டது; அதைச் சொல்லுமுன் யானைகளை வேலைவாங்கிய ஒரு கம்பெனியைப் பற்றிச் சொல்லவேண்டும். மாஞ்சோலை மலையை அறிந்தவர்களுக்குப் பம்பாய் பர்மா வர்த்தகக் கழகத்தின் பெயர் தெரிந்திருக்கும்; 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் சுமார் 8,374 ஏக்கர் காட்டை 99 வருஷக் குத்தகைக்கு எடுத்துத் தேயிலை பயிரிட்ட கம்பெனி அதுவே. ஆனால் 1863இல் தோன்றிய அந்தக் கம்பெனியின் ஆதித் தொழில் தேயிலையன்று, தேக்கு. பர்மாவின் மேல்காடுகளில் அது வெட்டிய தேக்கைப் பற்றி மன்னர் தீபாவின் அரசாங்கத்தோடு எழுந்த வழக்கே 1885ஆம் வருஷத்து யுத்தத்துக்குச் சாக்காக அமைந்து, பர்மா தேசம் முழுவதும் ஆங்கிலேயர் வசமாயிற்று. அங்கே லாரி இல்லை, ஏற்றுக்கூலியும் இல்லை. பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கும். ஆகையால் நிற்கிற மரத்தின் அடியைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் அறுத்துவிட்டு, சுமார் மூன்று வருஷம் நின்ற நிலையிலேயே உலரவிட்டு, பிறகு வெட்டி, யானைகளைக் கொண்டு ஓடை வரையில் இழுத்துப் போட்டுவிடுவார்கள். மழைவெள்ளம் அதைத் தூக்கிக்கொண்டு ஐராவதியில் சேர்க்கும். ஆறே லாரி, வெள்ளமே லோடுமேன். நமது தாமிரபரணியோ 125 கிலோமீட்டருக்குச் சற்று ஏறக்குறைய ஓடும் சிறு நதி. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் குறுக்கே நிற்கின்றன. நாங்கு மரத்தைத் தண்ணீரில் போட்டால் கல்லைப்போல் அடியில் போய்ச் சேரும். ஆற்றை நம்பி மரம் அனுப்ப இங்கே வழியில்லை.

அந்தக் கம்பெனியில் 1920 முதல் வேலைபார்த்த வில்லியம்ஸ் துரை, 1950இல் தாம் வெளியிட்ட புஸ்தகத்தில் பர்மா யானைகளின் வாழ்க்கையை எழுதியிருக்கிறார். வெயில் மாதங்களில் யானைகளுக்கு வேலை கிடையாது. காட்டில் மேய்ந்து உடம்பைத் தேற்றிக்கொள்ள விடுமுறை. நம் முதுமலை முகாமிலும் வனத்துறை யானைகளுக்கு 58 வயதில் பணி ஓய்வு உண்டு. மரவாடியில் நான் பார்த்த ஆறு பேரில் மூத்தவருக்கு அந்த வயது கடந்துவிட்டிருந்தது. கைவேலைத் தொழிலாளர்களுக்கென்று 1982இல் சட்டம் இயற்றி நலவாரியம் அமைத்த ராஜ்யம் இது. அந்த வாரியத்தின் அட்டை தம்மிடம் இருப்பதாகவும், புதுப்பிக்கவில்லை என்றும் அவர் சொன்னார்.

யந்திரம் வந்துவிட்டால் இந்தச் சிரமங்கள் எல்லாம் ஒழிந்துவிடாதா என்று கேட்பது நியாயமே. சுவீடன் தேசத்து ஹுடிக்ஸ்வால் என்ற ஊரில் பனிச்சறுக்குக் கட்டைகள் செய்துவந்த எரிக் சுண்டின் என்பவர் 1944இல் ஆரம்பித்த ‘ஹியாப்’ கம்பெனி, லாரியின் யந்திர சக்தியைக் கொண்டே இயங்கும் எண்ணெய் அழுத்தத் தூக்கியை உலகத்துக்குக் கொடுத்தது. இன்று அந்நாடுகளில் சாரதி ஒருவனே தன் ஆசனத்தில் இருந்தபடி, நண்டின் கொடுக்குப்போன்ற பிடியால் தடிகளைக் கொத்துக்கொத்தாக அள்ளி, ஒரு மணி நேரத்துக்குள் லாரியை நிரப்பிக்கொண்டு போய்விடுகிறான். நம் ஊரிலும் துறைமுகத்தில் கிரேனும் பெரிய வாடிகளில் ஜேசிபியும் மரத்தைத் தொடத் தொடங்கிவிட்டன. ஆனால் யந்திரத்தின் வயிறு பெரிது. லாரிக்குப் பின் லாரி வந்துகொண்டேயிருந்தால்தான் அதன் வாடகை கட்டும்.

இந்தப் பள்ளத்தாக்கில் மரம் அப்படி ஓரிடத்தில் குவிந்து கிடப்பதில்லை. அம்பாசமுத்திரத்தில் ஒருவருக்கு வரப்பில் நாற்பது தேக்கு. சேரன்மகாதேவியில் இன்னொருவருக்குக் கால்வாய்க் கரையோரம் இரண்டு ஏக்கர் சவுக்கு. நடுவில் கிடப்பது நெல்வயல். காரும் பிசானமும் விளையும் பூமியில் லாரியை இறக்கினால் அச்சுவரை புதையும்; பிசான அறுவடை முடிந்து மண் இறுகிய பிறகே வண்டி உள்ளே போகும். ஆகையால் மரத்தை முதலில் டிராக்டரில் ஏற்றி, ரஸ்தாவோரத்தில் இறக்கி, மறுபடியும் லாரியில் ஏற்றுகிறார்கள். ஒரே மரம் மூன்று தடவை கையாளப்படுகிறது. விலையோ ஒரு தடவைதான் கிடைக்கிறது. வரப்புத் தேக்கை விற்றவர் மனம் நொந்துகொண்டு, இடையில் எங்கே போயிற்று லாபம் என்று தேடும்போது, தரகரைச் சந்தேகிக்கிறாரே தவிர இந்த இரண்டாவது ஏற்றத்தைச் சந்தேகிப்பதில்லை.

லாரிக்காரரின் கணக்கு இன்னும் விசித்திரமானது. கரூருக்கு அருகே காகிதபுரத்தில் 1984 முதல் உற்பத்தி நடத்திவரும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், 2004–05 முதல் விவசாயிகளைக் கொண்டு தைல மரமும் சவுக்கும் வளர்த்து வாங்குகிறது. திருநெல்வேலியிலிருந்து அங்கே சுமார் 300 கிலோமீட்டர். பாரத்தோடு போனாலும் எட்டு மணி நேரத்து ஓட்டம். ஏற்றுவதற்கு ஒரு பகல், ஆலை வாசலில் எடைமேடைக்கும் இறக்குவதற்கும் வரிசையில் நிற்பது தனி. சக்கரம் சுற்றும் நேரத்தில்தான் லாரி சம்பாதிக்கிறது. தவணைக்காரனுக்கோ அது நிற்கும் நேரத்துக்கும் வட்டி கட்டவேண்டும். 1968ஆம் வருஷத்து மரக் கடத்தல் விதிகளின்படி தேக்குப் போன்ற மரங்களுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு எழுதுகிற அதிகாரி வெளியூர் போயிருந்தால் அன்றைய லோடு அடுத்த நாள் லோடாகிவிடுகிறது. கடிகாரம் வைத்து அளக்கிற சாஸ்திரிகள் இதையெல்லாம் ‘தாமதம்’ என்ற ஒரே கட்டத்தில் எழுதி முடித்துவிடுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் அந்தக் கட்டத்துக்குத்தான் தனிப் புஸ்தகம் எழுதவேண்டும்.

காத்திருந்து இழந்ததை எடையில் மீட்டுவிடலாம் என்ற ஆசை இந்த இடத்தில் பிறக்கிறது. 2018 ஜூலையில் மத்திய சர்க்கார் மூன்று அச்சு லாரியின் மொத்த எடை வரம்பை 25 டன்னிலிருந்து இருபத்தெட்டரை டன்னாக உயர்த்தியது. வரம்பு உயர்ந்ததும் அதையும் தாண்டி ஏற்றுகிறவர்கள் உண்டு. தட்டையான பூமியில் தப்பித்துக்கொள்ளலாம், கணவாயில் முடியாது. புளியரைக்கு மேலே ‘எஸ்’ வளைவு என்று வழங்கும் திருப்பத்தில், 2024 பிப்ரவரி 25ஆம் தேதி அதிகாலையில், கேரளத்திலிருந்து ஒட்டுப்பலகை ஏற்றிக்கொண்டு வந்த லாரி கவிழ்ந்து, கீழேயிருந்த ரயில் பாதையில் விழுந்து, ஓட்டுநர் உயிரிழந்தார். அருகில் குடியிருந்த முதிய தம்பதிகள் டார்ச் விளக்கோடு பாதையில் ஓடி, எதிரே வந்த ரயிலை நிறுத்தினார்கள். முதலமைச்சர் அவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் வெகுமதி அளித்தார். அந்த விபத்துக்கு எது காரணமாயிருந்தாலும், அந்த வளைவை நித்தியம் கடக்கிற சாரதிகள் தடி ஏற்றும்போது பக்கத்தில் நின்று கயிற்றையும் சங்கிலியையும் தாங்களே இழுத்துப் பார்க்கிறார்கள். மேல் வரிசைத் தடி ஒவ்வொன்றும் கீழ் வரிசையின் இரண்டு தடிகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் படிந்திருக்கவேண்டும்; பக்கத்து முளைக்கம்புகளுக்கு மேல் அரைத் தடிக்கு அதிகமாக எதுவும் எழும்பக்கூடாது. அப்படி அடுக்குவதற்கு அரைமணி கூடப் பிடிக்கும். அந்த அரைமணியையும் ‘தாமதம்’ என்ற கட்டத்தில் போட்டுவிடுகிற கணக்கு, கணக்காகாது.

கணவாய்க்கு அந்தப் புறத்தில் வெகுகாலம் வழங்கிய நோக்குக்கூலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. யந்திரமோ வேறு ஆட்களோ சுமை ஏற்றினாலும், பார்த்துக்கொண்டிருந்த உள்ளூர்ச் சுமைதூக்குவோருக்குக் கூலி கொடுக்கவேண்டும் என்ற வழக்கம் அது. 2018 மே முதல் தேதியிலிருந்து கேரள அரசு அதை ஒழித்தது. நம் பக்கத்து வியாபாரிகள் இதைச் சொல்லிச் சிரிப்பதுண்டு. வேலை செய்யாதவனுக்குக் கூலி கொடுப்பது சிரிப்புக்கு இடமானதுதான். ஆனால் ஏழரை மணி முதல் பத்தேகால் வரை வேலைக்குத் தயாராக மரத்தடியில் உட்கார்ந்திருந்தவனுக்கு, அந்த இரண்டே முக்கால் மணிக்கு ஒரு காசும் கொடாமல் இருப்பதை யாரும் சொல்லிச் சிரிக்கக் காணோம்.

வரப்பிலும் தோட்டத்திலும் தேக்கும் மலைவேம்பும் நட்டு, பத்து வருஷமோ இருபது வருஷமோ காத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வியாபாரி வந்து மரத்துக்கு விலை பேசும்போது, லாரி எங்கே நிற்கும் என்பதையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். கால்வாய்க் கரைக்கு மேல், தரை கெட்டியான ஒரு மேடு இருக்குமானால் அதைத் தடி அடுக்க ஒதுக்கிவிடுங்கள். பருத்ததை ஒரு பக்கமாகவும் சிறுத்ததை மறுபக்கமாகவும், அடிமுனை எல்லாம் ஒரே திசையில் இருக்கும்படி போடச் சொல்லுங்கள். அளவும் அனுமதிச் சீட்டும் லாரி வருவதற்கு முந்தின நாளே முடிந்திருக்கட்டும். ஆட்களுக்கு ஒரு நிழலும் ஒரு பானைத் தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும். எங்கள் மேஸ்திரியைக் கேட்டேன். இவ்வளவும் இருந்தால் ஏழரைக்கு வந்த லாரியைப் பத்து மணிக்குள் அனுப்பிவிடலாம் என்கிறார்.